கப்பலுக்கு வாங்கிய காய்கறி

எங்கள் வீட்டில் அந்த ஊரின் பெயரை யாரும் சொல்வதில்லை. ‘அங்க’ என்றால் போதும், எல்லோருக்கும் புரிந்துவிடும். ஆந்திரக் கரையில் இருக்கும் ஒரு துறைமுகம். அங்கே ஒரு கடற்படைத் தளம். என் அண்ணன் வேலை பார்த்ததும் இறந்துபோனதும் அங்கேதான். வீட்டில் சொல்கிற மாதிரியே இங்கும் எழுதிவிடுகிறேன்.

அண்ணன் துப்பாக்கி பிடித்தவர் இல்லை. தளத்தின் ஸ்டோரில் இருந்தார். அரிசி, பருப்பு, காய்கறி, ஆட்டுக்கறி என்று தளத்துக்கும் கப்பல்களுக்கும் வேண்டிய சாப்பாட்டுச் சாமான்களை வாங்கிப் பிரித்து அனுப்புகிற வேலை. எழுபத்தொன்று நவம்பர் கடைசியில், யுத்தம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு தந்தி வந்தது. விளக்குகளை அணைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது படகுத்துறையில் கால் தவறிக் கடலில் விழுந்து இறந்துவிட்டார் என்று இருந்தது. ரயில்களையெல்லாம் பட்டாளத்துக்காகத் திருப்பிவிட்டிருந்தார்கள். எங்களால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. அங்கேயே எரித்துவிட்டார்கள். வெள்ளை உடுப்புப் போட்ட இரண்டு பேர் சாம்பலையும் அவருடைய டிரங்குப் பெட்டியையும் மணிமங்கலத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். டீ போடச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று போய்விட்டார்கள்.

அப்பாவுக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. எங்கள் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிகிற காலத்திலேயே இக்கரையில் குதித்து அக்கரையில் ஏறுகிறவர் அண்ணன். “நீச்சல் தெரிஞ்சவன் எப்பிட்றா முழுவுவான்?” என்று வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் கேட்டார். சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். 

மறு வருஷம் அண்ணியை எனக்குக் கட்டி வைத்தார்கள். கைக்குழந்தையோடு இருக்கிற பெண்ணைப் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்ப அப்பாவுக்கு மனமில்லை. என்னை யாரும் கேட்கவில்லை. அண்ணியையும் கேட்டிருக்க மாட்டார்கள். அண்ணியைவிட நான் ஒரு வயது சின்னவன். அதுவரை ‘அண்ணி’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், தாலி கட்டிய பிறகு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே இருந்துவிட்டேன். பேச வேண்டுமென்றால் பக்கத்தில் போய் நின்று பேசுவேன். இதை எழுதும்போதுகூட ‘அவள்’ என்று எழுத வரவில்லை. அண்ணனின் மகள் என்னைச் சித்தப்பா என்றே கூப்பிட்டு வளர்ந்தாள். பிறகு எங்களுக்குப் பிறந்த பையன் அப்பா என்றான். ஒரே வீட்டில் இரண்டும் கேட்டுக்கொண்டிருக்கும். பழகிவிட்டது.

இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அண்ணன் திடீரென்று ஒரு சாயங்காலம் வந்தார். மறுநாள் முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டார். மெட்ராஸில் கொத்தவால் சாவடிக்குக் காய்கறி வாங்க அனுப்பியிருந்தார்களாம். வேலை சீக்கிரம் முடிந்ததால் எட்டிப் பார்க்க வந்தேன் என்றார். தோளில் ஒரு கோணி மூட்டை. அவிழ்த்துக் கொட்டினார். கோசு, கேரட், பீட்ரூட். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் கல்யாண வீட்டில் பார்த்தால்தான் உண்டு.

“இன்னாடா இது, இம்மாம் பெரிய மூட்ட?” என்றாள் அம்மா.

“இது சிந்தினதும்மா. அங்க லாரி லாரியா போவுது.”

“அவ்ளோத்தையும் யாரு துன்றது?”

“பெரிய கப்பல் ஒண்ணு வந்து நிக்குது. ஏரோப்ளேன் எறங்கற கப்பல். ஆயிரம் பேருக்கு மேல கீறாங்க. மார்க்கெட்ல எதையும் வுட்டு வெக்கறதில்ல நாங்க.”

அந்தக் கப்பலைப் பற்றிச் சாப்பிட்டு முடிக்கிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளேயே ரொட்டி சுடுகிற அடுப்பு இருக்கிறதாம். பந்தி பந்தியாகச் சாப்பிடுவார்களாம். கடைசிப் பந்திக்காரர்களுக்குக் கறி மிஞ்சாமல் தினமும் தகராறாம். அண்ணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படி நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். படுத்த பிறகும் உள்ளே இரண்டு பேரும் பேசுவதும் அண்ணி சிரிப்பதும் கேட்டது. அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் கோசுப் பொரியல்தான்.

தொண்ணூற்றொன்றில் அங்கிருந்து ஒரு அழைப்பு வந்தது. யுத்தம் நடந்து இருபது வருஷம் ஆகிறது, அந்தச் சமயத்தில் தளத்தில் வேலையில் இருந்து இறந்தவர்களின் குடும்பங்கள் டிசம்பரில் வரலாம், தளத்தைச் சுற்றிக் காட்டுவோம் என்று இருந்தது. என் மனைவி உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று படித்துச் சொன்னேன். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன்.

“போலாம்,” என்று சொல்லிவிட்டு மூடியைப் போட்டு மூடினார்.

மகளைக் குன்றத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாசமாக இருந்ததால் அவள் வரவில்லை. பையனுக்குப் பரீட்சை. நான் அப்போது மறைமலை நகரில் வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று சூப்பர்வைசரிடம் லீவு சொல்லிவிட்டு, சென்ட்ரலில் ரயில் ஏறினோம்.

தளத்தின் வாசலில் காவலுக்கு நின்றவன் அழைப்பை வாங்கி முகவரியைப் படித்தான். மணிமங்கலம் அவனுக்குத் தெரியவில்லை. அடுத்த வரியில் ஸ்ரீபெரும்புதூர் தாலுகா என்று இருந்தது. அந்த வருஷம் மே மாதம் அங்கே குண்டு வெடித்த பிறகு அந்தப் பெயர் தெரியாதவர்கள் நாட்டில் யாரும் இல்லை. என்னை ஒரு தடவை பார்த்தான், என் மனைவியை ஒரு தடவை பார்த்தான். பிறகு உள்ளே போய் இன்னொருவனைக் கூட்டிவந்தான். இரண்டு பேருமாக எங்கள் பையை மேஜைமேல் கொட்டினார்கள். ஒரு புடவை, ஒரு வேட்டி, துண்டு, வழியில் சாப்பிட்டு மிஞ்சிய புளிச்சாதம். புளிச்சாதப் பொட்டலத்தைப் பிரித்து விரலால் கிளறிப் பார்த்தார்கள். நாங்கள் அதே மாதிரி மடித்துக் கட்டி உள்ளே வைத்துக்கொண்டோம். கோபம் எதுவும் வரவில்லை. அந்த வருஷம் எங்கே போனாலும் அப்படித்தான்.

உள்ளே ஒரு ஹாலில் எங்களைப் போல முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். சுவர் முழுக்கப் பழைய படங்கள். ஒரு இளம் ஆபீசர் கையில் குச்சியோடு ஒவ்வொரு படமாக விளக்கினார். இங்கிலீஷிலும் இந்தியிலும் மாற்றி மாற்றிப் பேசினார். எனக்குப் பாதி புரிந்தது. என் மனைவிக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அப்போது பின்னால் இருந்து ஒரு வயதானவர் வந்து எங்கள் பக்கத்தில் நின்றுகொண்டார். தூத்துக்குடிக்காரர். இங்கே சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்று, இந்த ஊரிலேயே தங்கிவிட்டாராம். தாழ்ந்த குரலில் எங்களுக்குத் தமிழில் சொல்ல ஆரம்பித்தார்.

முதல் படங்கள் வெள்ளைக்காரன் காலத்தவை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் விமானத்தில் வந்து இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டிருக்கிறான். ஊரே மாட்டு வண்டி கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறது. குன்றுக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிய கால்வாய் மாதிரி ஒரு வாயில். அதன் வழியாகத்தான் கப்பல்கள் உள்ளே வர வேண்டும். அதனால்தான் இங்கே தளம் அமைத்தார்கள் என்றார். பதுங்கு குழிகள், தேடுவிளக்குகள், கறுப்புத் தாள் ஒட்டிய ஜன்னல்கள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நகர்ந்தோம்.

பிறகு எழுபத்தொன்று. போரில் இறந்தவர்களின் பெயர்களைப் பித்தளைப் பலகையில் பொறித்து வைத்திருந்தார்கள். என் மனைவிக்குத் தமிழ்தான் படிக்க வரும். ஆனாலும் பலகையின் முன்னால் போய் நின்றார். நான் மேலிருந்து கீழே படித்தேன். அண்ணன் பெயர் இல்லை. அவர் இறந்தபோது போர் இன்னும் ஆரம்பிக்கவில்லை. “அவரு பேரு அதுல கீதா?” என்று கேட்டார். “இல்ல,” என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்.

அடுத்த படம் ஒரு பெரிய கப்பல். மேல்தளத்தில் வரிசையாக விமானங்கள். ஆபீசரின் குரலில் ஒரு உற்சாகம் வந்தது. வந்தவர்கள் எல்லோருக்கும் பிடிக்கிற கதை போலிருக்கிறது. தூத்துக்குடிக்காரர் கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் சொன்னார். எதிரியின் நீர்மூழ்கி இந்தக் கப்பலைத் தேடிக்கொண்டிருந்ததாம். கப்பலை யாருக்கும் தெரியாமல் அந்தமான் பக்கம் அனுப்பிவிட்டார்கள். ஆனால் அது இந்தத் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே நிற்பதாக எதிரியை நம்பவைக்க வேண்டும். அதற்காகக் கப்பல் இங்கிருப்பது போலத் தந்தி அடித்தார்கள். ஆயிரம் பேருக்கு வேண்டிய காய்கறியும் கறியும் மார்க்கெட்டில் பகிரங்கமாக வாங்கினார்கள். ஊருக்குள் இருக்கிற ஒற்றர்கள் அதைப் பார்த்துச் செய்தி அனுப்பட்டும் என்றுதான். நீர்மூழ்கி நம்பி வந்து, இந்த வாயிலுக்கு வெளியிலேயே மூழ்கிப்போயிற்று.

சிலர் கை தட்டினார்கள். ஆபீசர் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். என் மனைவி என்னிடம் சொல்லவில்லை. நேராக அவரைப் பார்த்தே கேட்டார்.

“அந்தக் காய்கறியெல்லாம் இன்னா பண்ணாங்க?”

தூத்துக்குடிக்காரர் அதை இந்தியில் சொன்னார். ஆபீசர் சிரித்தார். கேலியாக இல்லை, நல்ல மாதிரியாகத்தான். அது தெரியவில்லை, யாரும் இதுவரை கேட்டதில்லை என்றார். எல்லோரையும் டீ சாப்பிட வெளியே அழைத்துப் போனார்கள்.

பந்தல் போட்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். காகிதத் தட்டில் ஆளுக்கொரு சமோசாவும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். தூத்துக்குடிக்காரர் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து எங்கள் எதிரில் உட்கார்ந்தார்.

“நீங்க ஸ்டோர்க்காரர் தம்பிதான? உள்ள வரும்போதே பாத்தேன். அண்ணன் சாடை அப்படியே இருக்கு,” என்றார். பிறகு என் மனைவியிடம் திரும்பினார். “அம்மா, அந்த ஆபீசர் புள்ளைக்கு அப்ப ரெண்டு மூணு வயசு இருந்திருக்கும். அதுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். சொல்லட்டுமா?”

“சொல்லுங்க,” என்றார் என் மனைவி.

“மொதல்ல மெஸ்ல ஆக்கிப் போட்டோம். ஆஸ்பத்திரிக்குக் குடுத்தோம். எவ்வளவுதான் திங்க முடியும்? ஊருக்குள்ள குடுக்கக் கூடாதுன்னு உத்தரவு. குடுத்தா கப்பல் இல்லேன்னு தெரிஞ்சிரும்லா. அதனால படகுல ஏத்திக் கொண்டுபோய் வெளிய கடல்ல கொட்டினோம். பாக்கிறவனுக்குப் படகு கப்பலுக்குச் சாப்பாடு கொண்டுபோற மாதிரி இருக்கும். மொத நாளே வெனையாப் போச்சு. கோசு மெதக்கும்லா? விடிஞ்சு பாத்தா கரையெல்லாம் கோசு ஒதுங்கிக் கெடக்கு. நாங்க ஓடி ஓடிப் பொறுக்குனோம். அப்பதான் உங்க வீட்டுக்காரர் சொன்னாரு, சாக்குல போட்டுக் கல்லு வச்சுக் கட்டிருவோம்னு.”

“அவரா சொன்னாரு?”

“அவருதாம்மா.”

என் மனைவி தட்டை மடியில் வைத்துக்கொண்டார். “அப்போ கப்பல் இல்லேன்னு அவருக்குத் தெரியும்.”

“ஸ்டோர்லயும் அடுப்படியிலயும் நாலஞ்சு பேருக்குத் தெரியும். பெத்த தாய்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தாங்க.”

தூத்துக்குடிக்காரர் டீயை ஒரு வாய் குடித்தார். பிறகு அவராகவே சொன்னார்.

“அன்னைக்கும் அந்த மூட்டையத்தான் ஏத்திக்கிட்டிருந்தாரு. பீடி பத்த வைக்கக்கூட விடமாட்டாங்க, அப்படி இருட்டு. படகு ஒரு ஆட்டம் ஆடுச்சு. மூட்டை நழுவிப் போச்சு. கயித்தக் கையில சுத்திப் பிடிச்சிருந்தாரு.”

சொல்லும்போதே தன் மணிக்கட்டில் கயிறு சுற்றுவது போல ஒரு கையை இன்னொரு கையால் சுற்றிக் காட்டினார். என் மனைவி அதையே பார்ப்பதைக் கவனித்துக் கையைக் கீழே போட்டுக்கொண்டார்.

“நாங்க குதிச்சோம்மா. கெடைக்கல. மறுநாள்தான் கெடைச்சுது. அப்ப வெளிய சொல்லக் கூடாது. சொல்லலாம்னு ஆனப்ப நீங்க எங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது.”

அப்பா கேட்டுக்கொண்டிருந்ததற்குப் பதில் இதுதான் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. கையில் சமோசா ஆறிப்போய் இருந்தது. அதைத் தின்பதா, கீழே வைத்துவிடுவதா என்பதுதான் அப்போது எனக்கு யோசனையாக இருந்தது. தின்றேன். எண்ணெய் நாற்றம் அடித்தது. என் மனைவி தன்னுடையதையும் என் தட்டில் எடுத்து வைத்தார். அதையும் தின்றேன்.

திரும்பும்போது எங்களை ஏற்றிக்கொண்ட தளத்து பஸ் படகுத்துறை வழியாகப் போனது. தூத்துக்குடிக்காரர் டிரைவரிடம் ஏதோ தெலுங்கில் சொல்லி நிறுத்தச் செய்தார். நாங்கள் மூன்று பேர் மட்டும் இறங்கினோம். சிமெண்டுப் படிகள். இரும்புத் தூண்களில் பாசி. எதிரில் குன்று, அதன் அடியில் அந்த ஒடுங்கிய வாயில். டீசல் மிதந்து தண்ணீர் பல நிறமாகத் தெரிந்தது. அழ வேண்டும், இல்லாவிட்டால் கும்பிடவாவது வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எதைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியவில்லை.

“தண்ணி அழுக்கா கீது,” என்றார் என் மனைவி. பிறகு பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

ரயிலில் என் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். விற்க வந்த பையனிடம் நான் வேர்க்கடலை வாங்கினேன். பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார்.

“கப்பல்ல படுக்க ஒண்ணுமேல ஒண்ணா மூணு அடுக்குன்னு சொன்னாரு. மேலடுக்குக்காரன் பொரண்டா கீழ இருக்கறவன் மூஞ்சில தூசி வுழுமாம். நான் சிரிச்சேன். எல்லாம் பாத்துட்டு வந்த மாதிரியே சொன்னாரு.”

“கப்பல் நெஜந்தான். அங்க இல்ல, அவ்ளோதான்,” என்றேன்.

“அதத்தான் சொல்றேன். என்னாண்ட சொன்னா நான் யாராண்ட போய் சொல்லிடப் போறேன்? ஏரிக்கரையாண்டயா?”

உத்தரவு அப்படி என்று சொல்ல வாயெடுத்தேன். அது அவருக்கும் தெரியும்.  கடலையை உரித்து உரித்து என் கையில் போட்டுக்கொண்டே வந்தார். தான் ஒன்றுகூடத் தின்னவில்லை. இருபது வருஷத்தில் என்னிடம் அண்ணனைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு அண்ணன் மேல் கோபமா, பாவமா, பொறாமையா என்று தேடிப் பார்த்தேன். எதுவும் கிடைக்கவில்லை. நாளைக்குக் காலை ஷிப்டுக்குப் போய்ச் சேர முடியுமா என்ற கணக்குதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

போய்ச் சேர்ந்தேன். விசேஷம் எப்படி என்று சூப்பர்வைசர் கேட்டார். நல்லா நடந்தது என்றேன்.

தை மாதம் குன்றத்தூரில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. என் மனைவி அங்கே போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தார். அவர் வந்த பிறகு ஒரு நாள் இரண்டாவது ஷிப்டுக்குப் போன நான் மறுநாள் மத்தியானம்தான் வீடு திரும்பினேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் வீட்டில் ஏது போன்? ஓவர்டைம் என்றால் ஆள் வராது, வராவிட்டால் ஓ.டி. என்று எடுத்துக்கொள்வார்கள். எப்போதும் அப்படித்தான். ஒரகடம் கூட்ரோட்டில் பஸ் கிடைக்காமல் நின்று, வெயிலில் வந்து, வாசலில் செருப்பைக் கழற்றினேன்.

“எங்க போயிருந்தீங்க?” என்றார் உள்ளே இருந்தபடியே.

“ஓ.டி.ன்னு நிறுத்திட்டாங்க. லைன்ல ஆளு இல்ல.”

“போறப்பவே தெரியுமா, தெரியாதா?”

“முந்தாநாளே சூப்பர்வைசர் சொன்னாரு.”

“தெரிஞ்சுதான சொல்லாம போனீங்க?”

இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கையில் இருந்த சொம்பைத் தரையில் வைத்தார். வைத்த வேகத்தில் தண்ணீர் சிதறியது.

“இன்னா கீதுன்னா கேக்கறீங்க? தெரிஞ்சத சொல்லிட்டுப் போனா இன்னா கொறஞ்சிடும்? நான் கேக்கலன்னா யாரும் சொல்ல மாட்டீங்க. கேட்டாலும் சொல்ல மாட்டீங்க. எது நெஜம், எது பொய்யின்னு நானா கண்டுபுடிச்சிக்கணும். எத்தினி வருசம்?”

பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர் நிறுத்தவில்லை. கத்திக்கொண்டே அழுதார். தந்தி வந்த அன்றுகூட அவர் குரல் இப்படி எழும்பி நான் கேட்டதில்லை. எங்களுக்குள் அதுவரை ஒரு சண்டை வந்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். பிறகு உள்ளே போய் அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, முந்தாநாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். சூப்பர்வைசர் எந்த இடத்தில் வைத்துச் சொன்னார், யார் யார் லீவு, இரண்டாவது ஷிப்டில் என் பிரஸ் மெஷின் நடுவில் நின்றுபோனது, கேண்டீனில் ராத்திரி என்ன போட்டார்கள், காலையில் மறுபடி மெஷின் ஓடவைக்க எவ்வளவு நேரம் ஆனது. எனக்கே அலுப்பாக இருந்தது. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

“இப்போ ஓடுதா?” என்றார்.

“ஓடுது. ஆனா பெல்ட் மாத்தணும். மெட்ராஸ்லருந்து வரணும்.”

“அப்போ நாளைக்கும் ஓ.டி.யா?”

“இருக்கும்.”

“சரி,” என்றார். தட்டை எடுத்து வைத்துச் சோறு போட்டார்.